தீம் பார்க்குக்குப் போற எடத்துல பிள்ளைய யாரு பாக்கது?

கேள்வி: பாளையங்கோட்டை வாசகி, ஏப்ரல் 11

மே லீவுல கொச்சி வொண்டர்லா போலாம்னு இருக்கோம். நானும் வீட்டுக்காரரும், ரெண்டு பிள்ளைங்க. மூத்தவளுக்கு நாலு வயசு முடிஞ்சிருச்சு, சின்னவனுக்கு ஒன்றரை. எங்க அத்தையையும் கூட்டிட்டுப் போனா சின்னவன அவங்க பாத்துக்கிடுவாங்க, நாங்க ரெண்டு பேரும் நிம்மதியா ரைடு போலாம்லா? இல்ல, ஹோட்டல்லயே ஆயா யாரும் ஏற்பாடு பண்ணித் தருவாங்களா? போனவங்க சொல்லுங்க.

ஏப்ரல் 11, ராத்திரி

அத்தைகிட்ட கேட்டியா?

"கூட்டிட்டுப் போனா பாத்துக்கிடுவாங்க"ன்னு நீயே முடிவு பண்ணிட்ட. பேசுறது யாருன்னு சொல்லிருதேன். பால்வாடி டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவ. ஊர்ப் பிள்ளையளுக்கு மூக்குத் தொடச்சு, சத்துமாவு உருட்டிக் குடுத்து, மத்தியானம் பாய விரிச்சு வரிசையாத் தூங்க வச்சவ. பெறவு பேரப்பிள்ளைய வந்துச்சு. மகனும் மருமகளும் எங்கயெல்லாம் டூர் போனாவளோ அங்கயெல்லாம் எனக்கும் சேத்து டிக்கெட் போட்டாவ. எதுக்குப் போட்டாவன்னு உனக்கே தெரியும்.

குற்றாலம் போயிருப்பேல்லா? பேரருவியில ஆம்பளைக்கு ஒரு பக்கம், பொம்பளைக்கு ஒரு பக்கம். எண்ணெய் தேச்சுட்டு எல்லாரும் தண்ணிக்குள்ள போயிருவாவ. வெளிய ஒருத்தி நிப்பா. இடுப்புல ஒரு பிள்ள, கையில ஒண்ணு, காலடியில துணி மூட்டை, குரங்கு மேல ஒரு கண்ணு. "நீ குளிக்கலியா?"ன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாவ. எல்லாரும் பல்லு நடுங்க வந்து நின்னப்பெறவு, "சட்டுனு போயி நனைஞ்சிட்டு வா, பசிக்கு"ம்பாவ. வருசா வருசம் நிக்கது அதே ஆளுதான். உன் கொச்சி டூர்ல அந்த ஆளு உங்க அத்தை.

ஏப்ரல் 12, காலை

ஒரு வேலை சொல்லுதேன், இன்னைக்கே செய். ரெண்டு பிள்ளையளையும் செவத்துல நிறுத்தி உயரம் அள.

வொண்டர்லாவுல பிள்ளைக்கு டிக்கெட் வயசப் பாத்து இல்ல, உயரத்தப் பாத்து. 85 செ.மீ.க்குக் கீழ இருந்தா காசு கெடையாது. 85ல இருந்து 140 வரைக்கும் பிள்ளை டிக்கெட். அதுக்கு மேல போனா, படிக்கது ஆறாங் கிளாஸா இருந்தாலும் பெரியவங்க டிக்கெட்தான். அளக்கும்போது செருப்பக் கழத்திரு. குதிகாலு, குண்டி, தோளு மூணும் செவத்துல ஒட்டணும். தலைக்கு மேல ஒரு கெட்டி அட்டைப் புஸ்தகத்த மட்டமா வச்சு பென்சில்ல கோடு போடு. இதச் செஞ்சே எனக்குக் கை தேஞ்சு போச்சு.

உன் சின்னவன் 82 பக்கம் நிப்பான்னு நெனைக்கேன். ஒன்றரை வயசுப் பையனுக்கு அதுதான் நடுவாந்தரம். நாலு வயசுப் பிள்ளைன்னா 102, 103. ரெண்டு வயசத் தொட்டாலே அநேகப் பிள்ளைய 85ஐத் தாண்டிரும். அதனால "கைப்பிள்ளைக்கு எதுக்கு டிக்கெட்டு"ன்னு வாசல்ல நின்னு சண்ட போட்டுப் பிரயோசனம் இல்ல.

உயரம் டிக்கெட்டுக்கு மட்டும்னு நெனைச்சிராத. யார எந்த ரைடுல ஏத்தலாம்னு சொல்லுததும் அந்த உயரம் அளக்குற குச்சிதான். பெரிய ரைடு ஒண்ணுலயும் மூத்தவள ஏத்த மாட்டாவ. நீ சின்னவன மட்டும் கணக்குல எடுத்திருக்க. "அம்மா மட்டும் போறா"ன்னு வரிசை வாசல்ல உருண்டு அழப்போறது நாலு வயசுக்காரி. அவளும் ஒரு ஆள் வேலைதான்.

ஏப்ரல் 12, சாயங்காலம்

நடந்த கதை ஒண்ணு. பார்க் பேரு வேண்டாம். எந்தப் பார்க்கா இருந்தாலும் இதுதான் நடந்திருக்கும், தப்பு பார்க்குமேல இல்ல.

அலை வாரக் குளத்துக்குப் பக்கத்துல ஒரு சிமெண்டுத் திண்டு. மடியில பேரன் தூங்குதான். தோள்ல தண்ணி போகாத பை. அதுக்குள்ள எல்லாரோட ஃபோனு, லாக்கர் சாவி, மகன் கழத்திக் குடுத்த மோதிரம். காலடியில ஈரத்துணி. "பத்து நிமிசத்துல வந்துருதோம்மா"ன்னு போனவங்க போனவங்கதான். எனக்கு சர்க்கரை உண்டு. சர்க்கரைக்காரிக்கு ஒண்ணுக்கு அடக்க முடியாதுங்கது வீட்டுல எல்லாருக்கும் தெரியும், ஆனா குளத்தப் பாத்ததும் மறந்து போச்சு. எந்திரிச்சா பிள்ள முழிச்சிரும். முழிச்சா முழிக்கட்டும்னு தூக்கிட்டுப் போலாம்னு பாத்தா தரையெல்லாம் ஈரம். ஒரு கையில பிள்ள, மறுகையில பை, பிடிச்சு நடக்க ஒண்ணுமில்ல.

பக்கத்துல ஒரு மலையாளத்து அம்மா. அவங்க மடியிலயும் ஒண்ணு தூங்குது. என் முழியப் பாத்தே புரிஞ்சுக்கிட்டாவ. "பிள்ளையத் தாங்க, போயிட்டு வாங்க"ன்னு கைய நீட்டுனாவ. முன்னபின்ன தெரியாதவங்ககிட்ட பிள்ளையக் குடுக்க மனசு வரல. பைய மட்டும் அவங்க பக்கத்துல வச்சிட்டு, பேரனத் தோள்ல போட்டுக்கிட்டு, செவத்தத் தொட்டுத் தொட்டு நடந்து போயிட்டு வந்தேன். வந்தப்பெறவு அவங்க போயிட்டு வந்தாவ, அவங்க பைக்கு நான் காவல். எம் மகன் ஃபோனும் மோதிரமும் பேரு தெரியாத ஒருத்தங்ககிட்ட இருந்த சேதி அவனுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. இதப் படிச்சாம்னா தெரிஞ்சுக்கிடட்டும்.

வெளிய வந்ததும் அவன் கேட்டது: "அம்மா, ஐஸ்கிரீம் வாங்கிட்டு வரட்டா?" சர்க்கரைக்காரிக்கு.

ஏப்ரல் 13

வள்ளியூர்த் தம்பி ஒருத்தர் கீழ எழுதியிருக்காரு: "டீச்சர் ஓவராப் பேசுதாங்க. வயசானவங்களுக்குப் பேரப்பிள்ளையோட இருக்கதே சந்தோசம். ரைடுல ஏறவா போறாங்க?"

தம்பி, பாதி சரி. நான் ரைடுல ஏறணும்னு கேக்கல. அந்தத் தலைகீழாச் சுத்துதத கீழ நின்னு பாத்தாலே எனக்கு வயித்தக் கலக்கும். பேரன மடியில போட்டுக்கிட்டு இருந்த நேரம் நல்ல நேரந்தான், பொய் சொல்ல மாட்டேன். அவன் தூங்கி எந்திரிச்சு, தண்ணியில விழுந்து எந்திரிக்கிற சனத்தப் பாத்து, தன் பாஷையில எனக்குக் கதை சொன்னான். அது அவங்க அப்பனுக்குக் கிடைக்கல, எனக்குக் கிடைச்சது.

நான் சொல்லுதது வேற. எத்தன மணியில இருந்து எத்தன மணி வரைக்கும்னு சொல்லிட்டுப் போகணும். சொன்ன நேரத்துக்கு வந்து பிள்ளைய வாங்கணும். பால்வாடியில சாயந்தரம் பிள்ளையக் கூட்டிட்டுப் போக லேட்டா வார தாயையே ஏசுனவ நான். சொந்த மகனுக்கு என்ன சலுகை? உக்காந்திருக்கிறவளுக்குக் கடிகாரம் வேணும். "பாத்துக்கிடுவாங்க"ங்கதுல அது இல்ல.

இன்னொண்ணு, தம்பி. உங்க வீட்டுல "ரைடுல ஏறவா போறாங்க"ன்னு தாத்தாவப் பாத்து யாரும் சொல்லி அவரு மடியில பிள்ளையப் போட்டதுண்டா?

ஏப்ரல் 14

சித்திரை விசு. கணி பாத்தாச்சு, பாயசம் வேலை கெடக்கு. நாளைக்கு வாரேன்.

ஏப்ரல் 15

அம்பாசமுத்திரத்துப் பிள்ள ஒண்ணு, இப்ப நியூஜெர்சியில இருக்காம். ஓர்லாண்டோ டிஸ்னி போறாங்களாம், "அங்க பிள்ளைய விட எடம் உண்டா?"ன்னு கேட்டிருக்கு. மக பிரசவத்துக்கு அமெரிக்கா போயிருந்தப்போ என்னையும் அங்க இழுத்துட்டுப் போனா. அதனால கொஞ்சம் தெரியும்.

அங்க மூணு வயசுக்குக் கீழ டிக்கெட் இல்ல. அங்க கணக்கு வயசு, உயரம் இல்ல. நாலு பார்க்குலயும் "பேபி கேர் சென்டர்"னு ஒரு எடம் இருக்கு. பால் குடுக்க தனி அறை, துணி மாத்த மேசை, உயர நாக்காலி, சோறு சூடாக்க மைக்ரோவேவ், எல்லாம் உண்டு. பேரப் பாத்து ஏமாந்துராத. பிள்ளைய அங்க விட்டுட்டுப் போக முடியாது, நீயும் கூட இருக்கணும். முன்ன அவங்க ஹோட்டல்கள்ல சாயங்காலம் பிள்ளைய விட்டுட்டுப் போற கிளப்பு இருந்துச்சு. 2018ல அநேகத்த மூடிட்டாங்க. இப்ப வெளி நிறுவனத்துல சொன்னா ரூமுக்கே ஆள் வந்து பாத்துக்கிடும். மணிக்கணக்குக்குக் காசு. மக அந்த ரேட்டப் பாத்துட்டு என்னைப் பாத்தா. நான் எங்கயோ பாத்தேன்.

ஆனா ஒரு விசயத்துல அவங்கள மெச்சணும். "ரைடர் ஸ்விட்ச்"னு வச்சிருக்காங்க. பிள்ளைக்கு உயரம் பத்தலன்னா, ரைடு வாசல்ல நிக்க ஆளுகிட்ட முதல்லயே சொல்லிரணும். ஒருத்தர் பிள்ளையோட வெளிய இருக்க, மத்தவங்க ஏறிட்டு வந்துருவாங்க. பெறவு வெளிய இருந்தவங்க போகலாம், திரும்ப முதல்ல இருந்து வரிசையில காத்துக் கிடக்க வேண்டாம். அதே ஊருல உள்ள யுனிவர்சல் பார்க்குலயும் இதே ஏற்பாடு, "சைல்டு ஸ்வாப்"னு பேரு. இதுல கூத்து என்னன்னா, உயரம் பத்துற மூத்த பிள்ள இருந்தா அப்பாவோட ஒரு தடவ, அம்மாவோட ஒரு தடவன்னு ரெண்டு தரம் ஏறிரும். எம் பேத்தி அப்படி ஏறிட்டு, மூணாவது தடவ ஆச்சியோடன்னு என் சேலையப் பிடிச்சு இழுத்தா.

நான் கவனிச்சது இதுதான். வெள்ளக்காரன் ஆச்சியையே கணக்குல எடுக்கல. அப்பா ஒரு முறை, அம்மா ஒரு முறை. அந்த ஏற்பாட்ட நம்ம ஊருக்குக் கொண்டு வர சீட்டும் வேண்டாம், கம்ப்யூட்டரும் வேண்டாம். புருசனும் பொண்டாட்டியும் சேந்து ஒரு ரைடுலயும் ஏற மாட்டோம்னு ஒத்துக்கிட்டாப் போதும்.

ஏப்ரல் 15, கொஞ்சம் பொறுத்து

கடையநல்லூர்ல இருந்து ஒருத்தர் சிங்கப்பூரப் பத்திக் கேட்டாரு. அண்ணன் அங்கதான் இருக்காராம். சென்டோசா யுனிவர்சல்ல நாலு வயசுக்குக் கீழ டிக்கெட் இல்ல. சைல்டு ஸ்வாப் அங்கயும் உண்டு. அந்த டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ரைடுக்கு பெரியவங்க கூட இருந்தா 102 செ.மீ., தனியா ஏற 122. அந்த 102 நாலு வயசுப் பிள்ளைக்கு இழுபறி. "கண்டிப்பா ஏறலாம்"னு பிளேன்லயே சத்தியம் பண்ணிக் கூட்டிட்டுப் போகாதீங்க.

ஏப்ரல் 16

ஹோட்டல் ஆயா கேள்விக்கு இன்னும் பதில் சொல்லல. பெரிய ரிசார்ட்டுன்னா முன்கூட்டியே சொன்னா மணிக்கணக்குக்கு ஆள் ஏற்பாடு பண்ணுவாங்க. சாதாரண லாட்ஜுல கேட்டா துணி தொவைக்கிற அக்காவக் கூப்பிட்டு நிறுத்துவான். "கிட்ஸ் கிளப்"னு போர்டு போட்டிருந்தா உள்ள போய்ப் பாத்துருங்க. அநேகமா நாலு வயசுக்கு மேலதான், ஒண்ணுக்கு ரெண்டுக்குச் சொல்லத் தெரியணும். அதுக்குக் கீழன்னா பெரியவங்க கூடவே இருக்கணும்பாங்க. ஆக, உன் சின்னவனுக்கு அது ஆகாது.

காச விடு. ஒன்றரை வயசுப் பிள்ளைய அன்னைக்குப் பாத்த ஆளுகிட்ட விடலாமாங்கதுதான் கேள்வி. எட்டு மாசம் ஆச்சுன்னாலே பிள்ளைக்குத் தெரிஞ்ச முகம், தெரியாத முகம் பிரிச்சுப் பாக்கத் தெரிஞ்சிரும். ஒன்றரை வயசு வரைக்கும், சிலதுக்கு ரெண்டு வரைக்கும், தெரியாத முகத்தப் பாத்து அழுகுத அழுகை ரொம்ப உச்சத்துல இருக்கும். அதுக்கு மேல புது ஊரு, புது ரூமு, ஏசி சத்தம். பால்வாடிக்குப் புதுசா வார பிள்ளைக்கு நாங்க என்ன செய்வோம்? முதல் நாளு தாய் கூடவே உக்காரும். மறுநாள் தாய் வாசல்ல நிக்கும். அப்புறம் பைய கண்ணுக்கு மறையும். மறையும்போது "போயிட்டு வாரேன்"னு பிள்ளை முகத்தப் பாத்துச் சொல்லிட்டுத்தான் போகணும். பின்வாசல் வழியா நழுவுற தாயோட பிள்ளைதான் அன்னைக்குப் பூரா கதவையே பாத்துக்கிட்டு நிக்கும்.

ரெண்டு நாள் டூர்ல இதுக்கெல்லாம் நேரம் ஏது? அதனால ஆயாவ மறந்துரு. பெரியவங்க மட்டும் போற கொண்டாட்டம் எதுக்காவது போகணும், பிள்ள தூங்குனப்பெறவு ரூமுல ஒரு ஆள் உக்காந்திருக்கணும்னா அது வேற, அதுக்கு ஆயா சரி. தூங்குமுன்ன அந்த ஆள் முகத்தப் பிள்ளைக்கு ஒரு மணி நேரமாவது பழக்கிரு. நடுராத்திரி முழிச்சா யாருன்னு தெரியாம அலறக் கூடாது.

ஏப்ரல் 17

உயரத்துல ஒரு சேர்க்கை. ரெண்டு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைய பால்வாடியில படுக்க வச்சுத்தான் அளப்போம். படுக்க வச்சு அளந்தா நிக்க வச்சதவிட முக்காசென்டி போல கூட வரும். ஆஸ்பத்திரி அட்டையில 85 இருக்கேன்னு மனசு உடைய வேண்டாம், பார்க்குல நிறுத்தித்தான் அளப்பாங்க. அப்படியே சாயங்காலம் அளந்தா காலையவிடக் கொஞ்சம் குட்டை. பிள்ளைய சாயங்காலம் கூட்டிட்டுப் போன்னு சொல்லல, விசயத்துக்குச் சொல்லுதேன்.

ஏப்ரல் 19

கேட்டவ "சரி, நீங்களே ஒரு திட்டம் போட்டுக் குடுங்க டீச்சர்"ன்னு எழுதியிருக்கா. மதுரை, கோயம்புத்தூர்னு ஆளாளுக்கு வேற ஊரு சொல்லுதாவ. மதுரையில பரவைப் பக்கம் அதிசயம், மேட்டுப்பாளையத்துல பிளாக் தண்டர், இப்ப சென்னையில திருப்போரூர்ப் பக்கம் வொண்டர்லாவே வந்தாச்சு. எங்க போனாலும் பிள்ளை பாக்குற கணக்கு ஒண்ணுதான். கொச்சிய வச்சே சொல்லுதேன்.

பாலருவி எக்ஸ்பிரஸ்ல ராத்திரி ஏறுனா காலையில எறணாகுளம். செங்கோட்டை மலையும் பதிமூணு கண் பாலமும் போகையிலயும் இருட்டுல, வரையிலயும் இருட்டுல, அந்தக் குறை தனி. எறங்குன அன்னைக்கே பார்க்குக்கு ஓடாத. ரயில்ல ராத்திரி பூரா பாதி தூங்குன பிள்ள, பகல்ல முழுசா அழும். அன்னைக்கு ரூமுல கிட.

மறுநாள் காலையில தரை ரைடு. இது மூத்தவ நேரம். குட்டிப் பிள்ளைய ஏறுற ரைடு தனியா இருக்கும், அதுல அவளோட ஒருத்தர். சின்னவனோட இன்னொருத்தர். அத்தைக்கு வேலை கெடையாது, வேடிக்கை பாக்கட்டும். தண்ணிப் பக்கம் மத்தியானத்தை ஒட்டித்தான் தெறப்பாங்க. அதுக்கு முன்ன சாப்பாட முடிச்சிரு. வெளிச் சாப்பாடு உள்ள விட மாட்டாங்க, கைப்பிள்ளைக்கு உள்ளதுன்னு சொன்னா விடுவாங்க. சத்துமாவு உருண்டையும் வெந்நி பிளாஸ்க்கும் கொண்டு போ. மூத்தவளுக்கும் சேத்து நெறைய உருட்டிக் கொண்டு போனா செக்கிங்ல மாட்டுவ.

சாப்பிட்டதும் சின்னவன் தூங்குவான். அந்த வயசுக்குப் பகல்ல ஒரு தூக்கம், ஒன்றரை ரெண்டு மணி நேரம். அந்தத் தூக்கந்தான் உங்க திட்டத்தோட முதுகெலும்பு. அப்பத்தான் அத்தை மடி, அதுவும் நிழல்ல, கழிப்பறைக்குப் பக்கத்துல உள்ள நாக்காலியா பாத்து. முதல் முக்கா மணி நேரம் நீ போ. அப்ப உன் வீட்டுக்காரரு மூத்தவளோட பிள்ளையள் குளத்துல. அடுத்த முக்கா மணி நேரம் அவரு போகட்டும், நீ மூத்தவளோட. முறை மாறுற நேரத்துல ரெண்டு பேருமே அத்தைகிட்ட வரணும், அவங்க எந்திரிச்சுக் காலு நீட்டிட்டு வருவாங்க. ஃபோன்ல அலாரம் வை. ஃபோன் லாக்கர்ல இருந்தா கையில வாட்சு கட்டு. பழைய எச்எம்டி வேண்டாம், நனைஞ்சா நின்னுரும், அப்புறம் அதையே சாக்கா சொல்லுவாரு.

பிள்ள முழிச்சப்பெறவு அத்தை டூட்டி முடிஞ்சது. முழிச்ச பிள்ளைய அந்த ஈரத் தரையில தூக்கிக்கிட்டு அலைய அவங்க முழங்காலு ஆகாது.

ஏப்ரல் 19, விட்டுப்போனது

தண்ணியில பருத்தித் துணி போட விட மாட்டாங்க. நைலான், பாலியெஸ்டர்தான். சேலையோட போற அத்தைக்கு இது முதல்லயே சொல்லணும், இல்லன்னா கால நனைக்கக்கூட முடியாம ஓரமா நிக்கணும். 60 தாண்டுனவங்களுக்கு டிக்கெட்ல குறைப்பு உண்டு, ஆதார் அட்டைய மறந்துராத.

சின்னவன தண்ணியில விட்டா கைக்கெட்டுற தூரத்துல ஒருத்தர் இருக்கணும். கண்ணுக்கெட்டுற தூரம் போதாது. பிள்ள முங்கும்போது சினிமாவுல வார மாதிரி சத்தமும் கையடிப்பும் கெடையாது, பேச்சுமூச்சில்லாம முங்கும். முழங்கால் தண்ணியே போதும். உதடு நீலமாச்சுன்னா உடனே வெளிய எடுத்துத் தொடச்சிரு, வெயில் அடிச்சாலும் சின்ன உடம்பு சீக்கிரம் குளுந்து போகும்.

ஏப்ரல் 20

பிள்ள தொலைஞ்சா? ஆனித் தேருக்கு ரத வீதியில நின்னவங்களுக்கு இந்தப் பயம் தெரியும். மைக்குல "பச்சை சட்டை போட்ட மூணு வயசுப் பையன்"னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க. பார்க்குல எல்லாப் பிள்ளையும் நனைஞ்ச நைலான்ல ஒண்ணு போலத் தெரியும். காலையில வாசல்லயே ரெண்டு பிள்ளையளையும் நிறுத்தி ஃபோன்ல ஒரு படம் எடு, அன்னைக்கு என்ன உடுத்திருக்குன்னு காட்ட ஆகும். பால்பாயிண்டு பேனாவால முழங்கைக்கு மேல உன் நம்பர எழுது. உள்ளங்கையில எழுதுனா ஐஸ்கிரீமோட போயிரும். பேரு எழுதாத, பேரச் சொல்லிக் கூப்பிடுற யார்கூடயும் பிள்ள போயிரும். மூத்தவளுக்கு அப்பா பேரும் ஊரும் சொல்லப் பழக்கு. "அப்பா பேரு அப்பா"ன்னுதான் பாதிப் பிள்ளைய சொல்லும். பார்க் ஆளுங்க யூனிஃபார்ம உள்ள போனதும் அவளுக்குக் காட்டிரு. அதுக்கு மேல 1098 இருக்கு, பிள்ளைகளுக்கான உதவி எண், ராப்பகலா எடுப்பாங்க.

பெரும்பாலும் பிள்ள தொலையுறது கூட்டத்துல இல்ல. "நீ வச்சிருக்கன்னு நெனைச்சேன்", "இல்ல, நீங்க வச்சிருக்கீங்கன்னு நெனைச்சேன்". மூணு பெரியவங்க இருக்க எடத்துலதான் இது நடக்கும். பிள்ளைய மாத்திக் குடுக்கும்போது வாயத் தெறந்து "இனி உன் பொறுப்பு"ன்னு சொல்லணும். மத்தவங்க "ஆமா"ன்னு சொல்லணும். தலைய ஆட்டுனாப் பத்தாது.

ஏப்ரல் 23

"இவ்வளவு பாடுக்கு குற்றாலமே போயிரலாமே டீச்சர்"னு ஒருத்தர். மே மாசத்துல அருவியில என்ன தண்ணி விழும்? ஜூன்ல மழை எறங்குனாத்தான் சீசன். மே மாசம் திடீர்னு கோடை மழை பேஞ்சா அது இன்னும் ஆபத்து. 2024 மே மாசம் பழைய குற்றாலத்துல சட்டுனு வெள்ளம் வந்து 17 வயசுப் பையன அடிச்சுட்டுப் போச்சு. கீழ வெயிலடிக்கும்போதே மேல மலையில பேஞ்ச தண்ணி வந்து நிக்கும். பார்க்குல ஆயிரம் குறை சொல்லலாம், அங்க விசிலடிக்க ஒருத்தன் நிக்கான்.

இன்னொருத்தர், தென்காசிக்காரர்: "சின்னவன ஊர்லயே அத்தைகிட்ட விட்டுட்டு மூத்தவள மட்டும் கூட்டிட்டுப் போங்க." இத நான் முதல்ல கேட்டப்போ மூஞ்சியச் சுழிச்சேன். ரெண்டு நாளா யோசிச்சுப் பாக்கேன், இது ஒண்ணும் மோசமில்ல. அவன் வீடு, அவன் தொட்டில், அவனுக்குத் தெரிஞ்ச முகம். பார்க்குல அவனுக்கு என்ன இருக்கு? பெரிய சத்தமும் வெயிலும். ஆனா தாய்ப்பால் நிறுத்தாம இருந்தா இது நடக்காது. அத்தைக்கும் வீட்டுல தனியா ராத்திரி பகல்னு ரெண்டு நாளு ஒத்தையில பாக்கணும், துணைக்கு ஒரு நாத்தனாரோ சித்தியோ இருந்தாத்தான். வீட்டுல இருக்கவளுக்கு வேலை இல்லன்னு நெனைக்க ஊருலா இது.

ஏப்ரல் 24

மேல தம்பிகிட்ட தாத்தாவப் பத்திக் கேட்டேம்லா. பதில் எழுதியிருக்காரு. தாத்தாவுக்குப் பிள்ளைய தூக்கத் தெரியாதாம். இருபத்தஞ்சு கிலோ அரிசி மூட்டையத் தூக்குவாராம்.

ஏப்ரல் 26

கேட்டவ திரும்ப வந்திருக்கா. அத்தைகிட்ட கேட்டாளாம். அவங்க சொன்னாங்களாம்: "பார்க்கு எனக்கு எதுக்குட்டி. எறணாகுளம் வரைக்கும் போறோம், சோட்டாணிக்கரை பகவதியப் பாக்கணும்னு எத்தன வருசமா நெனைச்சுக்கிட்டு இருக்கேன்." இத்தன வருசம் ஒரே வீட்டுல இருந்திருக்காங்க, இவளுக்குத் தெரியாது. சின்னவன மத்தியானம் தூங்குத நேரத்துக்குப் பாத்துக்கிட அவங்களுக்குச் சம்மதந்தான். ஆனா சொன்ன நேரத்துக்கு ஆள் வரலன்னா பிள்ளையத் தூக்கிட்டு ரைடு வாசலுக்கே வந்து பேரச் சொல்லிக் கூப்பிடுவாங்களாம். எனக்கு அந்த அம்மாவ நேர்ல பாக்கணும் போல இருக்கு.

அப்ப இப்படி வையி. எறங்குன அன்னைக்குக் குளிச்சு சாப்பிட்டு, சாயங்காலம் சோட்டாணிக்கரை, எறணாகுளத்துல இருந்து பக்கந்தான். முதல்ல அவங்க காரியம். அங்க ரெண்டு பிள்ளையளையும் நீங்க ரெண்டு பேரும் தூக்கிக்கிட்டு நில்லுங்க, அவங்க நடை சாத்துத வரைக்கும் கும்பிட்டு வரட்டும். மறுநாள் பார்க். மே மாசம் கேரளாவுல மத்தியானத்துக்கு மேல இடி மழை வரும், கடைசிக்குப் போகப் போக மழை கூடும், இடி இடிச்சா ரைட நிறுத்திருவாங்க, அதனால முடிஞ்சா மே முதல் பாதியிலயே போ. வார நாளாப் பாத்துப் போனா வரிசையும் குறையும்.

பிள்ளைக்கு வயித்தால போனா குடுக்க உப்பு சர்க்கரைத் தண்ணி கரைசல் பாக்கெட்டு ரெண்டு எடுத்துக்கோ. இல்லன்னா ஒரு லிட்டர் கொதிச்சு ஆறுன தண்ணிக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலைதட்டி. கூட்டிக் குறைச்சுப் போடாத. பிள்ளையளுக்கு நைலான் உடுப்ப பாளை மார்க்கெட்லயே வாங்கிரு. சின்னவனுக்கு தண்ணியில போடுற டயப்பர் தனியா விக்கும், சாதா டயப்பர் குளத்துல ஊதி இட்லிப் பானை ஆயிரும். உன் வீட்டுக்காரருகிட்ட முக்கா மணி நேரக் கணக்க ரயில் ஏறுமுன்னயே சொல்லிரு. பார்க் வாசல்ல வச்சுச் சொன்னா காதுல ஏறாது.